ஸ்கேனர் பேசவில்லை என்றால் வண்டி செத்துவிட்டதா?

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், மூலக்குளம் தாண்டி வில்லியனூர் போகிற சாலையோரத்துப் பட்டறைகளிலும், பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்குகளிலும் இப்போது ஒரு தீர்ப்பு சர்வசாதாரணமாக வழங்கப்படுகிறது. செக் என்ஜின் லைட் எரிகிற பழைய கார் ஒன்று வருகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, கோளாறு எண்களைப் படிக்கும், தீப்பெட்டி அளவிலான ப்ளூடூத் ரீடரைச் சொருகுகிறார்கள். செல்போனில் ஆப்பைத் திறக்கிறார்கள். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் இணைக்க முடியவில்லை என்று வந்து நிற்கிறது. அடுத்த வாக்கியம் தயாராக இருக்கிறது: “ஸ்கேனரே எடுக்கல சார். ஈசியூ போச்சு. வண்டியும் பழசு, இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க.”

இந்தத் தீர்ப்புக்கு ரூபாய் மதிப்பு உண்டு. விற்க வந்தவர் மனதில் வைத்திருந்த விலை அந்த இடத்திலேயே சரிகிறது. விற்கும் எண்ணம் இல்லாதவரோ, என்ஜினை நடத்தும் கணினியான ஈசியூ பழையது ஒன்று கிடைக்குமா என்று சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்புகிறார். அது வந்து மாட்டிய பிறகும் ரீடர் வாய் திறக்காமல் போவதுண்டு. அப்போது “அந்த ஈசியூவும் அவுட்” என்பார்கள். யாரும் ரீடரைச் சந்தேகிப்பதில்லை, ஃப்யூஸைச் சந்தேகிப்பதில்லை, போனைச் சந்தேகிப்பதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: ரீடர் கனெக்ட் ஆகவில்லை என்பதை வைத்து வண்டியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. போனுக்கும் வண்டியின் ஈசியூவுக்கும் நடுவில் வரிசையாகச் சில கண்ணிகள் இருக்கின்றன. போன் ரீடரைப் பிடிக்க வேண்டும். ரீடருக்கு வண்டியிலிருந்து கரன்ட் வர வேண்டும். ரீடருக்கு அந்த வண்டியின் புரோட்டோகால், அதாவது அது பேசும் முறை, தெரிந்திருக்க வேண்டும். சாக்கெட்டிலிருந்து ஈசியூ வரை வயர் நலமாக இருக்க வேண்டும். இவை அத்தனையும் சரியாக இருந்தும் பதில் வராவிட்டால்தான் ஈசியூவின் முறை. கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியதை முதலில் சந்தேகிப்பதுதான் இங்கே நடக்கிற தவறு.

‘ஈசியூ போச்சு’ என்ற வாதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் காரில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் தீப்பொறி கொடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஈசியூ. அது உண்மையிலேயே போயிருந்தால் வண்டி பட்டறைக்கு ஓடி வந்திருக்காது, கட்டி இழுத்துத்தான் வந்திருக்கும். சொந்தக்காரரே ஓட்டிக்கொண்டு வந்து, ஐடிலில் நிறுத்தி, பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று ‘ஈசியூ போச்சு’ என்கிறார்கள். அதைவிட வேடிக்கை, எதைப் பார்த்து ரீடரைச் சொருகினார்களோ அந்த செக் என்ஜின் லைட்டை எரியவிட்டதே ஈசியூதான். கோளாறைக் கண்டுபிடித்து விளக்கைப் போட்டுச் சொன்ன ஆளையே செத்துப்போனவர் என்று எழுதி வைப்பது எந்த ஊர் நியாயம்?

எதிர்த்தரப்பு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது, அதில் உண்மையும் இருக்கிறது. என்ஜினை ஓட்டும் பகுதி நன்றாக இருந்தாலும், ஈசியூவுக்குள் வெளியுலகத்தோடு பேசுகிற சிறு சர்க்யூட் மட்டும் கருகிப்போகலாம். ஆம், போகலாம். ஆனால் அதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும், ஆப்பின் சுற்றும் வட்டத்தைப் பார்த்து அல்ல. அப்படியே அந்த சர்க்யூட் போயிருந்தாலும் வண்டி ஓடும். அதை வைத்து வண்டியின் ஆயுள் முடிந்ததென்று சொல்ல வழியே இல்லை.

அடுத்தது, பட்டறையில் பெரிய ஆயுதமாகப் பயன்படும் வாதம்: “இதே ரீடர் காலையில வேற வண்டியில நல்லா எடுத்துச்சே. அப்ப கோளாறு இந்த வண்டியிலதானே?” கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் காலையில் எடுத்தது புது வண்டியாக இருந்தால் இந்த வாதத்துக்குக் கால் இல்லை. இன்றைய கார்கள் பெரும்பாலும் கேன் என்ற புரோட்டோகாலில் பேசுகின்றன. சாக்கெட்டின் 16 துளைகளில் 6, 14 இரண்டும் அதற்கானவை. பழைய கார்களில் பலவும் 7ஆம் துளையில் இருக்கும் ‘கே லைன்’ என்ற ஒற்றை வயரில் பேசுபவை. ஐஎஸ்ஓ 9141, கேடபிள்யூபி 2000 என்பவை அந்த வயரில் ஓடும் புரோட்டோகால்கள். ரீடருக்குள் கேனுக்கு ஒரு சர்க்யூட், கே லைனுக்கு இன்னொரு சர்க்யூட். புது வண்டியில் வேலை செய்தது ஒன்று, பழைய வண்டியில் வேலை செய்ய வேண்டியது வேறொன்று. இரண்டாவது சர்க்யூட் மட்டமாக இருக்கலாம். சில மலிவு ரீடர்களில் அதற்கான பாகங்களே வைக்கப்பட்டிருக்காது.

எப்படி இப்படி ஆனது என்பதும் தெரிந்த கதைதான். இந்த ரீடர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் செய்த எல்ம் 327 என்ற சிப். முதல் பதிப்பில் அவர்கள் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டைப் போடாமல் விட்டார்கள். அந்த நிரல் அப்படியே உருவப்பட்டு உலகம் முழுக்க நகல்களாகப் பெருகியது. மூல நிறுவனம் 2022இல் கடையைக் கட்டிவிட்டது, நகல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. உறையின் மேல் என்ன வெர்ஷன் எண் அச்சடித்திருந்தாலும், உள்ளே இருப்பது எந்த அளவு முழுமையான நகல் என்பதைச் சொருகிப் பார்த்துத்தான் அறிய முடியும். இப்படிப்பட்ட ஒரு பொருளைக் கேள்விக்கு அப்பாற்பட்ட சாட்சியாக நிறுத்தி, பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஒரு காரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

கே லைன் வண்டியோடு ரீடர் பேச்சைத் தொடங்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், தோல்வி எங்கே நடக்கிறதென்று புரியும். பழைய முறையில் ரீடர் ஒரு முகவரியை, நொடிக்கு வெறும் 5 பிட் வேகத்தில், அந்த ஒற்றை வயரில் அனுப்ப வேண்டும். மொத்தம் 10 பிட். அதற்கே 2 நொடி போய்விடும். இன்றைய எலக்ட்ரானிக்ஸ் கணக்கில் இது ஆமை நடை. அதைக் கேட்ட ஈசியூ, நொடிக்கு 10,400 பிட் வேகத்துக்குத் தாவிப் பதில் தருகிறது. தன் புரோட்டோகாலைக் காட்டும் இரண்டு சாவிச் சொற்களையும் அனுப்புகிறது. ரீடர் அவற்றில் இரண்டாவதைத் தலைகீழாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். ஈசியூ அதை ஒப்புக்கொண்டால்தான் உரையாடலே தொடங்கும். நேரம் ஒரு இடத்தில் பிசகினாலும் எல்லாம் முதலிலிருந்து. தொடங்கிய பிறகும் 5 நொடிக்கு மேல் ரீடர் சும்மா இருந்தால் ஈசியூ தொடர்பைத் துண்டித்துவிடும். கேடபிள்யூபியில் இதற்கு மாற்றாக ஒரு விரைவு முறையும் உண்டு. அதில் 25 மில்லி நொடி தாழ்வு, 25 மில்லி நொடி உயர்வு என்று ஒரே ஒரு தட்டல்தான். எந்த வண்டிக்கு எந்த முறை என்று தெரியாத ஆப், ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். மட்டமான நகல் சிப் அந்த மாற்றத்தில் தடுமாறி நின்றுவிடும்.

இதற்கு வைத்தியம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆப்பின் செட்டிங்கில் புரோட்டோகால் ‘ஆட்டோ’ என்று இருப்பதை எடுத்துவிட்டு ஐஎஸ்ஓ 9141, கேடபிள்யூபி மெதுவான தொடக்கம், கேடபிள்யூபி விரைவுத் தொடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கையால் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும். ‘போச்சு’ என்று சொல்வதற்கு முன் இதைச் செய்து பார்த்தீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இருக்காது.

போன் பக்கத்துக் கோளாறுகள் இன்னும் எளியவை. ஆண்ட்ராய்டில் முதலில் செட்டிங்ஸில் போய் 1234 அல்லது 0000 போட்டு ரீடரைச் சேர்க்க வேண்டும். பிறகு ஆப்புக்குள் போய் அதே ரீடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் அருகிலுள்ள சாதனங்களுக்கான அனுமதியை ஆப் கேட்கும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டியிருந்தால் அன்றோடு கதை முடிந்தது. ஐபோனில் பழைய வகை ப்ளூடூத் ரீடர் வேலையே செய்யாது. அதற்கு ப்ளூடூத் எல்இ அல்லது வைஃபை ரீடர் வேண்டும். வைஃபை ரீடரிலோ, இன்டர்நெட் வரவில்லையே என்று போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பட்டறையில் நடக்கிற இன்னொன்றும் உண்டு. நேற்று இதே ரீடரைப் பயன்படுத்திய பையனின் போன் பக்கத்து வண்டிக்கு அடியில் கிடக்கும், ரீடரை அதுதான் பிடித்து வைத்திருக்கும். நல்ல ஆப் எதுவானாலும் ரீடரோடு தொடர்பு, ஈசியூவோடு தொடர்பு என்று இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். முதலாவதே தோற்றிருந்தால் கார் இன்னும் கதைக்குள்ளேயே வரவில்லை. அப்படியிருக்க அதன் மேல் என்ன வழக்கு?

ரீடரின் விளக்கே எரியவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடம் ஃப்யூஸ் பெட்டி. சாக்கெட்டின் 16ஆம் துளைக்குப் பேட்டரி கரன்ட் நேராக வரும், 4உம் 5உம் எர்த். பல கார்களில் அந்த 16ஆம் துளையின் ஃப்யூஸ் சிகரெட் லைட்டரோடு பங்கு. அந்த லைட்டரில்தான் வீட்டிலிருக்கும் எல்லாரும் மலிவு சார்ஜர்களைச் சொருகுகிறார்கள். சார்ஜர் ஷார்ட் ஆகி ஃப்யூஸ் போயிருக்கும், லைட்டர் வேலை செய்யாதது யார் கண்ணிலும் பட்டிருக்காது. மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 16இலும் கறுப்பு முனையை 4இலும் வையுங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். அடுத்து கறுப்பை 5க்கு மாற்றிப் பாருங்கள். பிறகு சாவியை ஆன் செய்து, சிவப்பை 7இல் வையுங்கள். ஆரோக்கியமான கே லைன் பேட்டரி வோல்ட்டேஜுக்கு அருகில் காட்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடந்தால் ஏதோ ஒன்று அந்த வயரைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது.

இழுத்துப் பிடிப்பது எது என்பதுதான் அடுத்த கேள்வி. அங்கேயும் ஈசியூ முதல் ஆளல்ல. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பழைய கார்களில் கே லைன் ரேடியோவின் பின்புறச் சாக்கெட் வரைக்கும் போகும். கம்பெனி ரேடியோவைக் கழற்றிவிட்டு, வெளி ஸ்டீரியோவை அந்தச் சாக்கெட்டில் அப்படியே மாட்டினால், ஸ்கேனருக்கு எந்த யூனிட்டும் பதில் சொல்லாமல் போவது உலகெங்கும் அந்த வண்டிக்காரர்கள் அறிந்த சங்கதி. நம்மூர்ச் சாலைகளில் ஓடும் பழைய ஸ்கோடா ஆக்டேவியாவும் அந்தக் குடும்பம்தான். எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஸ்டீரியோ, ரிமோட் லாக், ரிவர்ஸ் கேமரா என்று வெளியில் மாட்டியவை எல்லாம் எங்கே வயரை வெட்டி எங்கே ஒட்டியிருக்கின்றன என்று பார்க்காமல் ஈசியூவைக் கழற்றுவது, திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரைப் பிடிக்கிற வேலை.

புதுச்சேரிக்கு இதில் தனிக் காரணமும் சேர்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இங்கே கரையேறியபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தெருக்களில் நின்ற தண்ணீரில் எத்தனையோ வண்டிகள் நின்றன. தரை விரிப்பு காய்ந்தால் வண்டி காய்ந்துவிட்டதென்று நினைத்தோம். டேஷ்போர்டுக்குக் கீழே, விரிப்புக்கு அடியில் ஓடும் வயர்களும், பாடியோடு போல்ட் போட்டு இறுக்கிய எர்த் முனைகளும் அப்படிக் காய்வதில்லை. போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தால் வயர் முனையில் பச்சை பூத்திருக்கும். சாக்கெட்டின் பித்தளைத் துளைகளில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். ஏற்கனவே உப்புக்காற்று வீசுகிற ஊர். ஸ்பேனரும் எமரித்தாளும் கான்டாக்ட் கிளீனரும் இருந்தால் சரியாகிற இந்தக் கோளாறுக்கு ‘ஈசியூ’ என்ற பெயரில் பில் போடுவது அறியாமையா, வியாபாரமா என்று வண்டிக்காரர் கேட்கத்தான் வேண்டும்.

இனி ‘வண்டி பழசு’ என்ற வாதம். இதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் எளிதில் செல்லுபடியாகிறது. கார்புரேட்டர் வைத்த மாருதி 800, பத்மினி போன்ற வண்டிகளில் படிப்பதற்கு ஒன்றுமே கிடையாது. சாக்கெட்டும் இல்லை, ஈசியூவும் இல்லை. அங்கே ரீடரைத் தேடுபவரைத்தான் குறை சொல்ல வேண்டும். வண்டி தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து சாக்கெட் வழியே சொல்லும் ஏற்பாடான ஓபிடி 2 அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) 4 புகை விதியோடு 2010 ஏப்ரலில் முதல் கட்ட ஓபிடி வந்தது. சென்சார் வயர் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் வந்தது. புகையின் அளவே வரம்பு மீறுகிறதா என்று அது கண்காணித்தது.

ஆனால் ‘பழசு’ என்பதை ஆண்டைக் கொண்டு அளந்தால் இங்கே ஏமாந்து போவோம். 2010இல் பாரத் ஸ்டேஜ் 4 வந்தது 13 நகரங்களில் மட்டும். சென்னை அதில் இருந்தது, புதுச்சேரி இல்லை. நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரல் 1 அன்று. ஆகவே ஒரே மாடல், ஒரே வருடம், ஆனால் சென்னையில் பதிவான வண்டியில் ஓபிடி இருக்கும், புதுச்சேரியின் பிஒய் நம்பர் வண்டியில் இல்லாமல் போகலாம். பிஎஸ் 3 காலத்து வண்டிகள் பலவற்றில் 16 துளைச் சாக்கெட் பார்வைக்கு அப்படியே இருக்கும், உள்ளே ஓடுவது கம்பெனியின் சொந்தப் புரோட்டோகாலாக இருக்கும். பொது ரீடர் அங்கே தோற்பது இயல்பு. கம்பெனி ஸ்கேனரோ, பல கம்பெனி வண்டிகளைப் படிக்கும் பெரிய ஸ்கேனரோ அதே சாக்கெட்டில் ஒழுங்காகப் படித்துவிடும். எனவே கேட்க வேண்டிய கேள்வி ‘எந்த வருடம்?’ என்பதல்ல, ‘பிஎஸ் எத்தனை, எந்த ஊர்ப் பதிவு?’ என்பதுதான். அரசின் ‘வாகன்’ பதிவில் அது எழுதியே இருக்கிறது.

எந்த ஸ்கேனருமே இல்லாமல் பேசத் தெரிந்த வண்டிகளும் உண்டு. பழைய சுசுகி இன்ஜெக்‌ஷன் முறையில், டயக்னாஸ்டிக் முனையை எர்த்தோடு ஒரு சிறு வயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால், செக் என்ஜின் லைட்டே விட்டுவிட்டு எரிந்து கோடு எண்ணைச் சொல்லும். முதலில் ஒரு முறை, சற்று இடைவெளி, பிறகு இரண்டு முறை என்றால் 12, அதாவது கோளாறு எதுவும் பதிவாகவில்லை. ப்ளூடூத் வருவதற்கு முன்பே மெக்கானிக்குகள் இதை எண்ணிப் படித்தார்கள். அந்த வண்டியை இன்று ‘பேசவே இல்லை’ என்கிறோம், கேட்கிற முறையை நாம் மறந்துவிட்டு.

கடைசியாக ஓர் ஆட்சேபம். “இவ்வளவையும் பார்க்க எங்களுக்கு ஏது நேரம்? என்ஜின் சத்தம் கேட்டாலே எனக்குத் தெரிஞ்சிடும்” என்று அனுபவசாலி மெக்கானிக் சொல்வார். அவர் காதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டேப்பட் சத்தமும் பேரிங் சத்தமும் பிரித்தறியும் காதுக்கு ஈடான ஆப் இன்னும் வரவில்லை. ஆனால் ஈசியூ போனதைக் காது சொல்லாது. நேரக் கணக்கும் பொய். ஃப்யூஸ் பார்ப்பது, மீட்டர் முனையை மூன்று இடத்தில் வைப்பது, ஆப்பில் புரோட்டோகால் மாற்றுவது, இன்னொரு ரீடரை வைத்துப் பார்ப்பது எல்லாம் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்தில் ஆகிற வேலை. ஈசியூவைக் கழற்றி மாட்டுவதுதான் நாள் பிடிக்கும்.

அவசரத் தீர்ப்பின் மறுபக்கமும் இதே பட்டறையில்தான் இருக்கிறது. ரீடர் கனெக்ட் ஆகி பி 0135 என்று காட்டினால், உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். அந்தக் கோடு குறிப்பது சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். ஹீட்டர் ஃப்யூஸ் போயிருந்தாலும் அதே கோடுதான் வரும். ரீடரின் மௌனத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்பவர்தான் ரீடரின் பேச்சையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். இரண்டு இடத்திலும் அளக்க வேண்டிய வேலை மிச்சமிருக்கிறது.

இதற்கெல்லாம் இவ்வளவு பேச வேண்டுமா என்றால், வேண்டும். 15 வருடம் முடிந்த காரைத் தொடர்ந்து ஓட்டப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் கட்டணம். 20 வருடம் தாண்டினால் 10,000 என்று 2025இல் உயர்த்திவிட்டார்கள். டெல்லியைப் போல வயதைச் சொல்லி வண்டியை ஓரங்கட்டும் விதி புதுச்சேரியில் இல்லை. வைத்துக்கொள்வதா, விற்பதா என்று குடும்பங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், பட்டறையில் சொல்லப்படும் ‘ஈசியூ போச்சு’ என்ற ஒரு வார்த்தைதான் தராசைச் சாய்க்கிறது. நல்ல நிலையில் இருக்கும் கார் அடிமாட்டு விலைக்குப் போகிறது. வாங்கியவர் ஒரு ஃப்யூஸை மாற்றி, விளக்கை அணைத்து, நல்ல விலைக்கு விற்கிறார்.

எனவே வண்டிக்காரர்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கலாம். ஈசியூ போய்விட்டதென்று யார் சொன்னாலும், 16இல் எத்தனை வோல்ட், 7இல் எத்தனை வோல்ட், எந்தப் புரோட்டோகால் முயன்றீர்கள், வேறு எந்த ஸ்கேனர் வைத்தீர்கள் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிற பட்டறைக்குத் தாராளமாகக் கூலி கொடுங்கள், அது படித்துச் செய்த வேலை. எழுதித் தர முடியாதவர் உங்கள் வண்டியைச் சோதிக்கவே இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்கு ஓட்டுங்கள். ஓட்ட முடிகிறது என்பதே அவர் சொன்னது தவறு என்பதற்கு முதல் சான்று.